சுறாவை நிறுத்துங்கள், சாளையை நிறுத்தாதீர்கள்

குமரி மாவட்டக் கடலோரத்திலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 28, எடை 60 கிலோ, இரண்டாவது முறையாகக் கருவுற்று ஐந்து மாதம். கணவர் ஆழ்கடல் விசைப்படகில் தொழிலாளி. கடலுக்குப் போனால் திரும்பி வரப் பல வாரங்கள் ஆகும். கரைக்கு வரும்போதெல்லாம் கறிக்கென்று சுறாத் துண்டு, சூரை, சில சமயம் மயில் மீன் கொண்டு வருவார். முதல் கர்ப்பத்தில் வாரத்துக்கு நான்கைந்து நாள் இந்த மீன்கள்தான். பிரசவம் ஆனபின் பால் ஊறுவதற்காக மாமியார் கையால் சுறா புட்டு.

மூன்று வாரங்களுக்கு முன் கைபேசியில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். பெரிய மீன்களில் பாதரசம் இருக்கிறது, கருவில் உள்ள குழந்தையின் மூளையை அது பாதிக்கும் என்றது அந்தக் காணொளி. அன்றோடு எல்லா மீனையும் நிறுத்திவிட்டார். இப்போது சோறு, ரசம், ஊறுகாய். மாமியாருக்கு வருத்தம்: "நாங்கள் எல்லாம் இதைத் தின்றுதானே பிள்ளை பெற்றோம்?" கணவருக்குக் கோபம்: "கழிவு எல்லாம் கரையில்தான். ஆழ்கடல் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். படகில் நாங்கள் நாள்தோறும் சாப்பிடுகிறோமே, எங்களுக்கு என்ன ஆகிவிட்டது?" வெளிநாட்டில் இருக்கும் அக்கா மீன் எண்ணெய் மாத்திரை அனுப்புகிறேன் என்கிறார். தெரிந்தவர் ஒருவர், உடம்பில் இருக்கும் உலோக நச்சை இறக்கும் சிகிச்சை இருக்கிறது என்று ஓர் இடத்தைச் சொல்லியிருக்கிறார். இவ்வளவும் எழுதிவிட்டுக் கடைசி வரியில் கேட்கிறார்: "என் மூத்த மகனுக்கு மூன்று வயது. ஐந்தாறு சொற்களுக்கு மேல் பேசுவதில்லை. நான் தின்ற மீன்தான் காரணமா, டாக்டர்?"

அன்புச் சகோதரி, நீங்கள் கடைசியில் வைத்த கேள்விதான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று தெரிகிறது. அதற்கே முதலில் பதில் சொல்கிறேன்.

மகனின் பேச்சு

மீனைப் பற்றிய கவலையை இந்த விஷயத்தில் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். மூன்று வயதில் ஐந்தாறு சொல் என்பது கட்டாயம் பரிசோதிக்க வேண்டிய தாமதம். முதலில் பார்க்க வேண்டியது செவித்திறன். காதுக்குள் நீர் கோத்திருந்தால்கூடப் பேச்சு பின்தங்கும். அடுத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, கண்ணைப் பார்க்கிறானா, விரல் நீட்டிக் காட்டுகிறானா என்றெல்லாம் பார்ப்பார்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் இருக்கும். அங்கே இவற்றுக்குக் கட்டணம் கிடையாது. இந்த வாரமே அழைத்துப் போங்கள். "பையன் பிள்ளைகள் மெதுவாகத்தான் பேசும்" என்று யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள்.

நீங்கள் சாப்பிட்ட மீன் காரணமா? ஒரு குழந்தையை முன்னால் உட்கார வைத்து, இது பாதரசத்தால் வந்தது என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. ஏன் என்று விளக்குகிறேன். வட அட்லாண்டிக்கில் ஃபாரோ தீவுகள் இருக்கின்றன. அங்கே பைலட் திமிங்கலத்தின் இறைச்சியை உண்பது வழக்கம். அதில் பாதரசம் மிக அதிகம். 1986, 1987 ஆண்டுகளில் அங்கே பிறந்த ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளை ஆய்வாளர்கள் தொடர்ந்து கவனித்தார்கள். ஏழு வயதில் மொழி, கவனம், நினைவாற்றல் சோதனைகளில் சிறிய பின்னடைவு தெரிந்தது. ஆனால் அது நூற்றுக்கணக்கான குழந்தைகளின் மதிப்பெண்களைச் சேர்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற வேறுபாடு; தனியாக ஒரு குழந்தையிடம் அடையாளம் காணக்கூடியது அல்ல. இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவில் இதே போன்ற ஆய்வு நடந்தது. அங்கே கர்ப்பிணிகள் வாரத்தில் பல வேளை கடல் மீன் சாப்பிடுகிறவர்கள். அந்தக் குழந்தைகளிடம் அப்படித் தெளிவான பாதிப்பு தெரியவில்லை. மீனில் இருக்கும் நல்ல சத்துகள் ஓரளவு ஈடு செய்திருக்கலாம் என்பது ஒரு விளக்கம்.

எனவே மீன் காரணமாக இருக்கவே முடியாது என்றும் சொல்ல மாட்டேன், அதுதான் காரணம் என்று நீங்கள் முடிவு கட்டுவதையும் ஏற்க மாட்டேன். என் பயம் வேறு. "எல்லாம் நான் தின்றதால்" என்று நீங்கள் அழுதுகொண்டிருக்கும் நேரத்தில், ஒரு சாதாரணக் காது சோதனை தள்ளிப்போய்விடக் கூடாது.

ஆழ்கடல் தண்ணீர் சுத்தம்தானே?

உங்கள் கணவர் சொல்வதில் பாதி சரி. சாக்கடை, கிருமி, எண்ணெய்க் கசிவு இவையெல்லாம் கரையோரத்துச் சிக்கல்கள். பாதரசத்தால் மீன் நஞ்சான கதைகளில் உலகம் அறிந்ததும் கரையோரத்தில் நடந்ததுதான். ஜப்பானின் மினமாட்டாவில் ஒரு வேதித் தொழிற்சாலை தன் கழிவை விரிகுடாவில் விட்டது. 1956-ல் நோய் அதிகாரபூர்வமாகப் பதிவானது. கழிவு விடுவது 1968 வரை நிற்கவில்லை. அந்த மீனைத் தின்ற தாய்மார் பலருக்கு வெளியே பெரிதாக ஒன்றும் தெரியவில்லை, வயிற்றில் இருந்த பிள்ளைகள் கடுமையான மூளைப் பாதிப்போடு பிறந்தார்கள். கருவில் இருக்கும் மூளை தாயின் மூளையைவிட எளிதில் அடிபடும் என்பதை மருத்துவ உலகம் அங்கேதான் கற்றது.

ஆனால் உங்கள் வீட்டு மீனில் இருக்கும் பாதரசம் குழாய் வழியாக வருவதில்லை. நிலக்கரி எரிக்கும்போதும், சிறு தங்கச் சுரங்கங்களில் பொன்னைப் பிரிக்கும்போதும், எரிமலைகளிலிருந்தும் ஆவியாகக் கிளம்புகிறது. காற்றில் உலகைச் சுற்றி, மழையோடு கடலில் இறங்குகிறது. நடுக்கடல், கரைக்கடல் என்று அதற்கு வேறுபாடு இல்லை. தண்ணீருக்குள் ஆக்சிஜன் குறைந்த ஆழங்களில் நுண்ணுயிர்கள் அதை மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. நாம் அஞ்ச வேண்டியது இந்த வடிவத்துக்குத்தான். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்திருப்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை.

மிதவை உயிரி அதை எடுத்துக்கொள்ளும். சாளை மிதவை உயிரியைத் தின்னும், சூரை சாளையைத் தின்னும், சுறா சூரையைத் தின்னும். ஒவ்வொரு படியிலும் அளவு பல மடங்கு கூடுகிறது. சுறா பல்லாண்டு வாழ்கிற மீன். மெதுவாக வளர்ந்து, வாழ்நாள் முழுவதும் சேர்த்துக்கொண்டே போகிறது. சாளை இரண்டு மூன்று ஆண்டுதான் வாழும், சேர்க்க நேரமே இல்லை. ஹவாய்ப் பக்கம் நடந்த ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: மேல்மட்டத்தில் இரை தேடும் மீன்களைவிட ஆழத்தில் இறங்கி இரை தேடும் மீன்களில் பாதரசம் கூடுதல். ஆகவே உங்கள் வீட்டில் நம்புகிற வரிசையைத் தலைகீழாக்க வேண்டியிருக்கிறது. எவ்வளவு தொலைவில் பிடித்தார்கள் என்பதை விடுங்கள். மீன் எவ்வளவு பெரியது, எத்தனை வயதானது, எதைத் தின்று வளர்ந்தது என்று கேளுங்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உலக சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் சேர்ந்து அமைத்த வல்லுநர் குழு, மெத்தில் பாதரசத்துக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது: உடல் எடையில் ஒரு கிலோவுக்கு, வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம். கருவில் இருக்கும் குழந்தையை மனத்தில் வைத்து 2003-ல் நிர்ணயித்தது இது. உங்கள் எடைக்கு வாரம் 96 மைக்ரோகிராம்.

அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் பல ஆண்டுகளாக அளந்து வைத்திருக்கும் சராசரிகள் இவை. மீனில் இருக்கும் பாதரசத்தில் பெரும்பகுதி மெத்தில் வடிவம்தான். சுறாவில் கிலோவுக்கு 0.98 மில்லிகிராம். அதாவது 100 கிராம் சுறா சாப்பிட்டாலே உங்கள் ஒரு வாரத்துக்கான அளவு தீர்ந்துவிடுகிறது. மஞ்சள் துடுப்புச் சூரையில் 0.35, வாரத்துக்கு 270 கிராம் வரை. பெருங்கண் சூரையில் 0.69, 140 கிராம் வரை. சாளை வகையில் 0.013. அதே எல்லையைத் தொட நீங்கள் வாரத்துக்கு ஏழு கிலோவுக்கு மேல் சாளை சாப்பிட வேண்டும்! நம் கடல் மீனில் இந்த எண்கள் கொஞ்சம் கூடலாம், குறையலாம். வரிசை பெரிதாக மாறாது.

முதல் கர்ப்பத்தில் நீங்கள் சாப்பிட்ட அளவு இந்த எல்லையைப் பல மடங்கு தாண்டியிருக்கும். இதை மறைத்துச் சொல்வதில் பயனில்லை. ஆனால் இந்த எல்லை, பாதிப்பு தொடங்கலாம் என்று கருதப்படும் அளவிலிருந்து ஆறு மடங்குக்கும் மேல் இடைவெளி விட்டுப் போட்ட கோடு. கோட்டைத் தாண்டிய எல்லாருக்கும் நோய் வந்துவிடும் என்பது பொருள் அல்ல. மாதக்கணக்கில் தாண்டிக்கொண்டே இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

சந்தைச் சட்டத்தை நம்பி இருக்க முடியுமா என்றால், முடியாது. உணவுத் தரங்களுக்கான பன்னாட்டு அமைப்பான கோடெக்ஸ், ஒரு கிலோ சுறாவுக்கு 1.6 மில்லிகிராம் மெத்தில் பாதரசம், சூரைக்கு 1.2, மயில் மீனின் உறவான மார்லினுக்கு 1.7 வரை அனுமதிக்கிறது. அது வணிகத்துக்கான வரம்பு. கர்ப்பிணி வாரம் ஐந்து நாள் சாப்பிடலாம் என்பதற்கான சான்றிதழ் இல்லை. மேலும், பெரும்பாலும் ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைத்தான் சோதிக்கிறார்கள். கறிக்கென்று கையில் எடுத்து வரும் துண்டை யார் சோதிக்கப் போகிறார்கள்?

எதைச் சாப்பிடலாம்

எல்லா மீனையும் நிறுத்தியதுதான் நீங்கள் செய்ததில் எனக்குச் சம்மதமில்லாத ஒன்று. மூளை வளர்ச்சிக்கு வேண்டிய ஒமேகா-3 கொழுப்பு, அயோடின், வைட்டமின் பி12, நல்ல புரதம், இவை அனைத்தும் ஒரே தட்டில் கிடைப்பது மீனில்தான். இங்கிலாந்தின் பிரிஸ்டல் பகுதியில் ஆயிரக்கணக்கான தாய்மாரைத் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2007-ல் வெளியானது. வாரத்துக்கு 340 கிராமுக்குக் குறைவாகக் கடலுணவு சாப்பிட்டவர்களின் குழந்தைகள்தான் மொழித்திறன் சோதனையில் பின்தங்கினார்கள். அமெரிக்காவில் 2001-ல் பாதரச எச்சரிக்கை வந்ததும் கர்ப்பிணிகள் நல்ல மீனையும் சேர்த்துக் குறைத்துக்கொண்டார்கள். இன்று அதே நாடு, பாதரசம் குறைந்த மீனாகப் பார்த்து வாரம் 225 முதல் 340 கிராம் வரை சாப்பிடுங்கள் என்கிறது. ரசமும் ஊறுகாயும் குழந்தைக்கு எதையும் தராது.

சாளை, நெத்திலி, அயிலை, காரப்பொடி, இறால், நண்டு, சிறு பாறை: வாரம் மூன்று வேளை, இவற்றில் மாற்றி மாற்றி. சாளையும் நெத்திலியும் இருக்கும் நாளில் வேறு தேடவே வேண்டாம். நெத்திலியை முள்ளோடு சாப்பிட்டால் கால்சியமும் சேரும். கழிவுநீர் வாய்க்கால் கலக்கும் இடத்தில் பிடித்ததாகத் தெரிந்தால் மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

சுறா எந்த வகையானாலும், மயில் மீன், மார்லின், வாள் மீன், பெருங்கண் சூரை ஆகியவை பிரசவமாகிப் பால் கொடுக்கும் காலம் முடியும் வரை வேண்டாம். சுறாக் கருவாடும் வேண்டாம். தண்ணீர் வற்றிய பின் அதே எடையில் பாதரசம் இன்னும் செறிந்திருக்கும். சிறிய சூரை மாதம் இரண்டு மூன்று முறை சாப்பிட்டால் பிழையில்லை.

நெய்மீனைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுப் பட்டியல்களில் "கிங் மெக்கரல்" என்று பார்த்துவிட்டு நம் நெய்மீனை, அதாவது வஞ்சிரத்தை, ஒரேயடியாக விலக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அது அட்லாண்டிக் கடலின் மீன். நம்முடையது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு இனம். ஆனாலும் வேட்டையாடித் தின்னும் மீன்தான். ஓர் அடி, ஒன்றரை அடி நீளமுள்ள சிறியதை எப்போதாவது சாப்பிடுங்கள். ஆள் உயரத்துக்கு வளர்ந்ததன் துண்டு வேண்டாம்.

சமையலால் இதைப் போக்க முடியாது. கொழுப்பை வெட்டி எறிந்தாலும், புளியில் ஊற வைத்தாலும், மஞ்சள் தடவினாலும், பொரித்தாலும் பாதரசம் சதையின் புரதத்தோடு ஒட்டியே இருக்கும். தோலையும் கொழுப்பையும் நீக்குவது பிசிபி, டையாக்சின் போன்ற கொழுப்பில் கரையும் வேதிப்பொருள்களைத்தான் குறைக்கும். அவையும் கடலின் அடி வரைக்கும் போயிருக்கின்றன: பசிபிக்கின் மரியானா அகழியில் வாழும் சிற்றுயிர்களின் உடலிலேயே பிசிபி இருப்பதை 2017-ல் கண்டறிந்தார்கள்.

கேட்காவிட்டாலும் சொல்லிவிடுகிறேன், 2018-ல் பெரிதாகப் பேசப்பட்ட ஃபார்மலின் வேறு விவகாரம். அது பிடித்த பிறகு கெடாமல் இருக்கக் கலப்பது. அதைக் கண்டுபிடிக்கும் காகிதப் பட்டையால் பாதரசத்தைக் கண்டுபிடிக்க முடியாது.

சோதனை, சிகிச்சை, மாத்திரை

மெத்தில் பாதரசம் உடம்பிலேயே தங்கிவிடுவதில்லை. ஏறத்தாழ 50 நாட்களில் இரத்தத்தில் இருப்பதில் பாதி வெளியேறிவிடும். நீங்கள் நிறுத்தி மூன்று வாரம் ஆகிறது. குழந்தையின் மூளை மிக வேகமாக வளரும் கடைசி மூன்று மாதங்களுக்குள் இரத்த அளவு நன்றாக இறங்கியிருக்கும். மாற்றிக்கொள்ள இது தாமதமான நேரமே அல்ல.

சோதித்துப் பார்க்க வேண்டும் என்று மனம் கேட்டால், உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லி இரத்தத்தில் மொத்தப் பாதரசம் மட்டும் பாருங்கள். அது மிக அதிகமாக இருந்தாலொழிய, செய்ய வேண்டியதாக நான் மேலே சொன்னதில் எதுவும் மாறாது. "உலோக நச்சை இறக்கும்" இடத்துக்கு மட்டும் தயவுசெய்து போகாதீர்கள். உலோகத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் மூளைக்குள் போன மெத்தில் பாதரசத்தை எடுப்பதில்லை. கருவுக்குத் தேவையான துத்தநாகம், செம்பு போன்றவற்றையும் சேர்த்து இழுத்துப் போகும். சில இடங்களில் மருந்தைக் கொடுத்துவிட்டுச் சிறுநீரில் உலோகம் அளப்பார்கள். மருந்து போட்டால் யாருக்கும் எண் கூடத்தான் செய்யும். அந்தத் தாளைக் காட்டிப் பயமுறுத்துவது எளிது. நாட்டு மருந்து என்று யாராவது செந்தூரம், பற்பம் கொடுத்தாலும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்காதீர்கள். அவற்றில் சில, பாதரசத்தையே சேர்த்துச் செய்யப்படுபவை.

அக்கா அனுப்பும் மாத்திரையின் பெட்டியைப் படித்துப் பாருங்கள். மீன் எண்ணெய் என்றால் அதில் பாதரசம் மிகக் குறைவு; மருத்துவரிடம் காட்டிவிட்டு எடுக்கலாம், ஆனால் சாளை சாப்பிடுகிறவருக்கு அவசியமில்லை. மீன் ஈரல் எண்ணெய் என்றால் வேண்டாம். சுறா ஈரலிலும் காட் ஈரலிலும் வைட்டமின் ஏ நிறைய இருக்கும். கர்ப்பத்தில் அது மிஞ்சினால் குழந்தைக்கு ஊனம் வரலாம்.

மாமியாரும் புட்டும்

அவரோடு வாதாடாதீர்கள்; அவர் கர்ப்பமாக இருந்தபோது வீட்டுக்கு எந்த மீன் வந்தது என்று கேட்டுப் பாருங்கள். வள்ளமும் கரைமடியும் இருந்த காலத்தில் அன்றாடக் குழம்பில் இருந்தது சாளையும் நெத்திலியுமாகவே இருந்திருக்கலாம். சுறா எப்போதாவதுதான் வந்திருக்கும். இன்னொன்று, தொழிற்சாலைகள் வருவதற்கு முந்தைய காலத்தோடு ஒப்பிட்டால் கடலின் மேல்மட்டத்து நீரில் பாதரசம் ஏறத்தாழ மூன்று மடங்காகியிருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அவருடைய தாயும் பாட்டியும் தின்ற சுறாவும் இன்றைய சுறாவும் ஒன்றல்ல.

அவருடைய வருத்தத்தின் அடியில் இருப்பது வேறு என்று எனக்குத் தோன்றுகிறது. மீனவக் குடும்பத்தில் பெரிய மீன் என்றால் மதிப்பு. கர்ப்பிணிக்குச் சுறா கொடுப்பது பாசம், சாளை கொடுப்பது கஞ்சத்தனம். அந்தக் கணக்கை ஒரே நாளில் மாற்ற முடியாது. ஆனால் புட்டின் செய்முறையை அவரிடமே விடலாம்: சிறு பாறையையோ அயிலையையோ அவித்து, முள் எடுத்து உதிர்த்து, அதே பூண்டு, மிளகு, சின்ன வெங்காயம் போட்டு அவர் கையால் செய்து தரட்டும். பால் ஊறுவது குழந்தை அடிக்கடி, நன்றாகச் சப்புவதால்தான். தாய்க்கு நல்ல புரதம் வேண்டும், அது எந்த மீனிலும் உண்டு. தாய்ப்பால் கொடுப்பதில் தயக்கமே வேண்டாம். நஞ்சுக்கொடி வழியாகப் போகும் அளவோடு ஒப்பிட்டால் பால் வழியாகப் போவது மிகக் குறைவு.

கணவரின் கேள்வி

"எங்களுக்கு என்ன ஆகிவிட்டது" என்று கேட்கிறாரே, அவருக்கும் பதில் சொல்லியாக வேண்டும். வளர்ந்த ஆண்களின் உடல், கர்ப்பிணிக்குச் சொன்ன எல்லையைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கைத் தாங்கும் என்று அதே வல்லுநர் குழு கருதுகிறது. ஆனால் வாரக்கணக்கில் படகில் சுறாவும் சூரையுமே சாப்பாடு என்றால் அந்த இரண்டு மடங்கும் எளிதில் கடந்துபோகும். விரல் நுனியிலோ உதட்டைச் சுற்றியோ மரத்துப்போதல், கை நடுக்கம், நடையில் தள்ளாட்டம், பார்வையின் ஓரங்கள் மங்குதல் இவற்றில் ஏதேனும் இருந்தால் கரைக்கு வந்ததும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்; தான் என்ன மீன் சாப்பிடுகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மருத்துவர் தானாக அதைக் கேட்பார் என்று எதிர்பார்க்க முடியாது. படகுச் சமையலுக்குச் சிறிய மீனை ஒதுக்கி வைக்கச் சொல்லுங்கள். கரைக்கு வந்ததும் சுறாவை ஏலத்தில் விற்றுவிட்டு, அந்தப் பணத்தில் ஒரு பங்குக்கு ஏலக்கூடத்திலேயே அன்று பிடித்த சாளை வாங்கி வரட்டும்.